ஆகஸ்டிலேயே நின்றுபோன சுவர்

பதினோரு மணிக்கு வந்துவிடுவேன் என்று ஷிமோதா சான் செய்தி அனுப்பியிருந்தார். அவர் பதினொன்று என்றால் பதினொன்றுதான், இரண்டு நிமிஷம் முன்னால் வந்துவிட்டால்கூட லிஃப்ட் பக்கத்தில் நின்று கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் மணி அடிப்பார், அப்படியொரு மனுஷர், ஆக தமயந்தியின் கையில் சரியாக ஐம்பது நிமிஷம் இருந்தது, அதற்குள் ஆக வேண்டிய காரியம் ஒன்றே ஒன்று, வாசல் நடைச் சுவரில் தொங்கும் ஆகஸ்ட் மாதப் படத்தைக் கழற்றிவிட்டு ஏப்ரல் மாதப் படத்தை மாட்ட வேண்டும், ஐந்து நிமிஷ வேலை. இந்த ஐந்து நிமிஷ வேலையைத்தான் மகராசி ஏழு மாதமாகச் செய்யவில்லை. செய்யவில்லை என்பதோடு போயிருந்தால் சோம்பேறி என்று சொல்லி விட்டுவிடலாம், நம்மில் யார்தான் சோம்பேறி இல்லை, ஆனால் மாற்றிவிட்டேன் மாற்றிவிட்டேன் என்று மாதாமாதம் ஜப்பானுக்கு எழுதியிருக்கிறாளே, அதுவும் ஒப்புக்கு ஒரு வரி இல்லை, நிலா எப்படி இருந்தது, மான் எந்தப் பக்கம் கழுத்தைத் திருப்பியிருந்தது என்று எதிரில் நின்று பார்த்த மாதிரி பத்து வரி, பதினைந்து வரி. கனசாவா ஊர் ஆஸ்பத்திரியில் படுத்துக்கிடந்த ஒரு பெண்மணிக்கு அதையெல்லாம் உட்கார்ந்து படித்துக் காட்டியிருக்கிறார் அவள் புருஷன். அந்தப் பெண்மணி இப்போது இல்லை. புருஷன்தான் பதினோரு மணிக்கு வருகிறார். வீட்டைக் காலி செய்ய வருகிறேன், காலி செய்வதற்கு முன்னால் சாயோவின் போட்டோவை மடியில் வைத்துக்கொண்டு ஏப்ரல் படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும், நீங்களும் கூட இருங்கள் என்று எழுதியிருக்கிறார். நீங்களும் கூட இருங்கள். இந்த மூன்று வார்த்தையை நேற்றிலிருந்து எத்தனை தடவை படித்திருப்பாள் என்று கணக்கில்லை, ஒவ்வொரு தடவையும் காது மடல் சுட்டது.

தமயந்திக்கு நாற்பத்தெட்டு வயது, ஒரகடத்தில் பிரேக் செய்கிற ஜப்பான் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளர், ஷிமோதா சான் அங்கே பதினோரு வருஷம் பெரிய அதிகாரி, அவர் பேசுவது தமிழாக வெளியே வருவது இவள் வாய் வழியாகத்தான். வேலையைத் தாண்டியும் பழக்கம், பொங்கலுக்கு அவர்கள் இவள் வீட்டுக்கு வருவார்கள், புது வருஷத்துக்கு இவள் இந்த நாவலூர் ஒன்பதாம் மாடிக்கு வருவாள், சாயோவை இவள் சாயோம்மா என்றுதான் கூப்பிடுவாள், அறுபது வயதான அந்தப் பெண்மணிக்குத் தன் பெயரோடு அம்மா என்ற சொல் ஒட்டிக்கொண்டதில் ஏக சந்தோஷம். போன ஜூன் கடைசியில் சாயோவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது, இரண்டே நாளில் ஊருக்குக் கிளம்பினார்கள், மூன்று மாதத்தில் திரும்பிவிடுவோம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கிளம்பும்போது சாயோ வீட்டுச் சாவியை இவள் கையில் வைத்து ஒரே ஒரு உதவி கேட்டாள். மாதம் பிறந்தால் படத்தை மாற்றிவிடுங்கள் தமயந்தி, மாற்றியதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். இவளும் அதற்கென்ன சாயோம்மா, இதெல்லாம் ஒரு வேலையா என்றாள். இதெல்லாம் ஒரு வேலையா. அன்றைக்குச் சும்மா மரியாதைக்குச் சொன்ன சொல்லை அப்படியே கடைப்பிடித்திருக்கிறாள் பாருங்கள், இதெல்லாம் ஒரு வேலையா என்று உண்மையிலேயே விட்டுவிட்டாள். உள்ளே ஹாலில் எஸ்தர் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள், முன்பு இந்த வீட்டில் வேலை பார்த்தவள், இன்றைக்குத் தமயந்திதான் அவளைக் கூப்பிட்டு வந்திருந்தாள், பக்கெட்டில் பினாயில் வாசனை, எட்டு மாதத் தூசி கறுப்புத் தண்ணீராகப் போய்க்கொண்டிருந்தது. “ஏங்க்கா, நீங்க மாசா மாசம் வந்து போறீங்கன்னு சொன்னீங்களே, இன்னா இவ்ளோ மண்ணு?” என்றாள் எஸ்தர். கேட்டதில் ஒரு வஞ்சகமும் இல்லை. “நான் இந்த நடையோட போயிடுவேன் எஸ்தரு, உள்ள வரமாட்டேன்,” என்றாள் தமயந்தி. பார், இன்னும் ஒன்று. மூச்சு விடுகிற மாதிரி வருகிறது.

சட்டத்தைக் கழற்றினாள். பின்பக்கம் நாலு கொக்கி, தள்ளினால் திறந்துகொள்ளும், சாயோ சொல்லிக் கொடுத்ததுதான், ஜூலை ஒன்றாம் தேதி மின்மினிப் படத்தை மாட்டும்போதும் ஆகஸ்ட் ஒன்றாம் தேதி இந்தப் பூப்படத்தை மாட்டும்போதும் இதே கையால் தள்ளியவள்தான். இரண்டு மாதம் ஒழுங்காக இருந்திருக்கிறாள், அதையும் சொல்லிவிடுவோம், பாவம். மரப்பலகையில் செதுக்கி, ஒரு வண்ணத்துக்கு ஒரு பலகை என்று வைத்துக் காகிதத்தில் ஒற்றி ஒற்றி எடுத்த பழைய அச்சுப்படங்கள், மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு, சாயோவின் தாத்தா தேடித் தேடிச் சேர்த்தது. ஆகஸ்டுக்கு நம் ஊரில் ரயில் தண்டவாள ஓரத்து வேலியில் படர்ந்து பூக்குமே ஊதா நிறத்தில் ஒரு புனல் பூ, விடிந்ததும் பூத்து வெயில் ஏறினால் சுருண்டுவிடுமே, அது. மூங்கில் தட்டியில் கொடி, நீலத்தில் ஐந்து பூ, இளஞ்சிவப்பில் இரண்டு. ஐந்து நீலம், இரண்டு சிவப்பு என்று இவளுக்கு ஞாபகம் இருந்தது. இப்போது கண்ணாடியை எடுத்துவிட்டுப் பார்த்தால் ஏழும் ஒரே நிறம், ஆறிப்போன டீயை அலசி ஊற்றின நிறம். வெளுத்திருக்கும் என்று கதவைத் திறந்தபோதே தெரிந்துவிட்டது, ஆனால் இவ்வளவு என்று தெரியவில்லை. காகிதத்தைச் சுற்றிக் கட்டியிருந்த அட்டையை மெல்ல எடுத்தாள், எடுத்திருக்கவே வேண்டாம். அட்டை மூடியிருந்த ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு நீலம் அப்படியே இருந்தது, வெயில் படாத இடம், ஒரு பூவின் கால்வாசி அதில் மாட்டியிருந்தது, அந்தக் கால்வாசி அன்றைக்கு மாட்டினபோது எப்படி இருந்ததோ அப்படி. மீதி முக்கால்வாசி டீத்தண்ணி. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருக்கிறது என்று எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறாள், சும்மா பேச்சுக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்திருந்தாள். இந்த நீலம் பூவின் சாறு தமயந்தி, தண்ணீருக்கும் பயப்படும் வெளிச்சத்துக்கும் பயப்படும் என்று சாயோ சொன்னது இந்த நடையில் நின்றுதான். ஒரு மாதம் சுவரில், பதினோரு மாதம் இருட்டில் தூக்கம், அப்போதுதான் அடுத்த வருஷமும் வரும் என்றாள். எல்லாம் தெரியும் இவளுக்கு. தெரியாமல் செய்ததில் ஒரு சுகம் உண்டு, அந்தச் சுகமும் இவளுக்கு இல்லை. அதோடு ஆகஸ்ட் ஒன்றாம் தேதி வெளிச்சம் போதவில்லை என்று பால்கனித் திரைச்சீலையை விலக்கியதும் இவள், மூடாமல் போனதும் இவள், கிழக்குப் பார்த்த ஒன்பதாம் மாடி, கடலிலிருந்து ஏறும் வெயில் தினம் காலையில் நேரே இந்தச் சுவரில் வந்து விழுந்திருக்கிறது, ஐப்பசி கார்த்திகை மழை நாட்களைக் கழித்தால்கூட இருநூறு காலை இருக்குமே. “அய்ய, சாயம் போயிடுச்சா?” என்று துணியைப் பிழிந்தபடி எட்டிப் பார்த்தாள் எஸ்தர். “வெயில்ல வெளுத்துடுச்சுன்னு சொல்லுக்கா. ஊருக்கே வெளுக்குது, ஒன் ஒருத்திக்கா?” தமயந்தி தலையை ஆட்டினாள். பழியை வெயிலின் மேல் போடலாம்தான். வெயில் வந்து இல்லை என்று சொல்லப்போவதில்லை.

ஏன் வரவில்லை என்று யாராவது கேட்டால் சொல்வதற்குக்கூட ஒரு காரணம் இல்லையே, அதுதான் கொடுமை. செப்டம்பர் ஒன்றாம் தேதி ஒரு ஞாயிற்றுக்கிழமை. குரோம்பேட்டையிலிருந்து நாவலூருக்கு இரண்டு பஸ், அன்றைக்கு வீட்டில் தண்ணீர் மோட்டார் ரிப்பேர், புருஷன் கருணாகரன் ஆள் கூட்டி வரப் போயிருந்தார், அடுத்த ஞாயிறு போகலாம் என்று இருந்துவிட்டாள். திங்கட்கிழமை காலை கம்பெனி பஸ்ஸில் படப்பை சிக்னலில் நிற்கும்போது ஷிமோதா சானிடமிருந்து செய்தி, சாயோ இந்த மாதப் படத்தைப் பற்றிக் கேட்கிறாள் என்று. போகவில்லை என்று எழுதக் கூச்சமாக இருந்தது. அடுத்த ஞாயிறு எப்படியும் மாட்டிவிடப் போகிறோம், ஒரு வாரம் முன்னால் சொன்னால் அது என்ன பெரிய பொய்யா? பன்னிரண்டு படத்தையும் முன்பே போனில் எடுத்து வைத்திருந்தாள், செப்டம்பரைத் திறந்தாள், நாணல் மாதிரி உயரமான புல், மேலே பெரிய நிலா, அதைப் பார்த்து எழுதினாள். இன்று நிலாவை மாட்டினேன் சாயோம்மா, கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஒரு நிமிஷம் நின்றேன், புல் காற்றில் சாய்ந்திருக்கிறது ஆனால் நிலா அசையவில்லை. முன்னாலிருந்த லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அனுப்பிவிட்டுப் பார்த்தால் நன்றாக வந்திருந்தது. ஜூலையில் எழுதியது என்ன, மாற்றிவிட்டேன், இங்கே நல்ல வெயில், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆகஸ்டில் அதுவும் இல்லை, மாற்றியாயிற்று என்று ஒற்றை வரி. உண்மைக்கு ஒற்றை வரி போதும் போலிருக்கிறது, பொய்க்குத்தான் புல்லும் நிலாவும் காற்றும் வேண்டியிருக்கிறது. அடுத்த ஞாயிறு போகவில்லை. அக்டோபரில் போனால் செப்டம்பர் படம் அங்கே இல்லை என்பதை நேருக்கு நேர் பார்க்க வேண்டும், அதனாலேயே அக்டோபரிலும் போகவில்லை, சாமந்திப் பூ எழுதினாள். நவம்பரில் சிவந்த இலைகளும் மானும், அதை எழுதி முடித்துக் கருணாகரனிடம் தமிழில் சொல்லிக் காட்டினாள், அவர் தோசையைப் பிய்த்தபடியே, “அடேயப்பா, நீ கதை எழுதப் போயிருக்கலாம்டி,” என்றார், இவள் முகம் மலர்ந்துபோனது. அந்த முகத்தை இப்போது நினைத்தால் அறையலாம் போல இருக்கிறது. அங்கே ஒருத்தி குடலை அறுத்துப் போட்டுக் கிடக்கிறாள், இங்கே இவள் நல்ல வரி வந்துவிட்டது என்று பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

அப்புறம் சமாதானம் வேறு சொல்லிக்கொண்டாள், படித்தவர்களுக்குச் சமாதானத்துக்குக் குறைச்சலா. ஜப்பானிய மொழி கற்பதற்கு முன்னால் இவள் தமிழ் இலக்கியம் படித்தவள். இதே நடையில் ஒரு நாள் சாயோவிடம் பீற்றிக்கொண்டிருக்கிறாள், எங்களிடமும் இது உண்டு சாயோம்மா, எங்கள் பழைய பாட்டுகளில் காலத்தின் பெயரைச் சொல்லவே வேண்டாம், கொன்றை பூத்தது என்றால் கார்காலம், கார்காலம் என்றால் வெளியூர் போனவன் திரும்பி வர வேண்டிய நேரம், பூவைச் சொன்னாலே பிரிவும் காத்திருப்பும் வந்துவிடும். சாயோ கையைத் தட்டினாள், அதேதான் அதேதான், எங்கள் படத்திலும் ஆள் இருக்க மாட்டான், நாணலும் நிலாவும் மட்டும் இருக்கும், அதைப் பார்த்ததும் யாரோ போய்விட்டார்கள் என்று தெரிந்துவிடும் என்றாள். இரண்டு பேரும் டீ ஆறிப்போகிற வரை பேசினார்கள். அந்தப் பாட்டுகளில் ஒரு தோழி வருவாள். கார்காலம் வந்துவிட்டது, அவன் வரவில்லை, தலைவி துடிக்கிறாள், தோழி சொல்வாள், அடி அசடே இது கார்காலமே இல்லை, இது காலம் தப்பிப் பெய்த மழை, அந்தக் கொன்றைக்கு அறிவில்லை, மழை என்று நம்பிப் பூத்துவிட்டது. அப்பட்டமான பொய். ஆனால் அந்தப் பொய்க்கு எத்தனை நூறு வருஷமாகக் கைதட்டல். நானும் அந்தத் தோழிதான் என்று டிசம்பர் வாக்கில் தமயந்தி தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள், நோயாளிக்குக் காலத்தைப் பற்றி ஒரு நல்ல பொய், அவ்வளவுதானே. சொல்லிக்கொண்டு ஒரு வாரம் நிம்மதியாகக்கூடத் தூங்கினாள். ஆனால் தோழி தலைவி அழக்கூடாது என்று பொய் சொன்னாள், இவள் இரண்டு பஸ் ஏறச் சோம்பல்பட்டுப் பொய் சொன்னாள். தோழி தலைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதே மழையில் நனைந்துகொண்டு சொன்னாள். சீ, அந்தப் பெண் எங்கே இவள் எங்கே, அவளோடு போய் இணை வைத்துக்கொண்டாளே, அதற்கே தனியாக வெட்கப்பட வேண்டும்.

மணி பத்து முப்பத்தைந்து. மரப்பெட்டியைத் திறந்தாள், ஏப்ரலைத் தேடுகிற சாக்கில் ஒவ்வொன்றாகத் தள்ளினாள், நடுவில் மெல்லிய தாள் போட்டுப் பிரித்து வைத்திருந்தாள் சாயோ, தாள் சரசரத்தது. போனில் பார்த்த படங்கள்தான், ஆனால் கையில் எடுத்தால் காகிதத்துக்கு ஒரு பருமன், நிலாவுக்குக் கீழே ஆகாயம் கறுப்பிலிருந்து சாம்பலுக்கு எவ்வளவு மெதுவாக இறங்குகிறது, போனில் அது வெறும் கறுப்பு. மானுக்குக் கண் இமை இருந்தது. மானுக்குக் கண் இமை உண்டு என்று இவளுக்குத் தெரியாது, ஆனால் மானின் கண்ணைப் பற்றி நாலு வரி எழுதியிருக்கிறாள். டிசம்பர் வந்தது, அதைத் தள்ளிவிட்டுப் போகத்தான் நினைத்தாள். பனி மூடின பாலம், குடை பிடித்த ஒரு பெண் தூரத்தில், முன்னால் முழுக்கப் பனி. டிசம்பர் செய்திக்கு மட்டும் சாயோவிடமிருந்து ஒரு கேள்வி வந்திருந்தது, பாலத்துக்கு முன்னாலே பனியில் காலடித் தடம் இருக்குமே, எத்தனை என்று எனக்கு மறந்துவிட்டது, பார்த்துச் சொல்கிறீர்களா. போனில் பெரிதாக்கிப் பார்த்தாள், கலங்கலாக ஏதோ தெரிந்தது, தெரிந்தது என்றே வைத்துக்கொண்டாள், இரண்டு பேருடைய தடம் சாயோம்மா, ஒன்று பெரியது ஒன்று சின்னது, பக்கத்துப் பக்கத்தில் போகிறது என்று எழுதினாள். எழுதும்போதே, பெரியது ஷிமோதா சான், சின்னது சாயோம்மா என்று மனசுக்குள் ஒரு எண்ணம். மறுநாள் ஷிமோதா சான் எழுதினார், சாயோ சிரித்தாள், இந்த மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள், மிகவும் நன்றி. நன்றி வேறு. இப்போது படத்தை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தாள். தடம் இல்லை. ஒன்றுகூட இல்லை. பனி என்பது அங்கே வண்ணமே இல்லை, மை படாமல் விட்ட வெறும் காகிதம், அவ்வளவு சுத்தம், தும்பைப் பூக்கூட அதைவிட மங்கல்தான். விரலை அதன் மேல் வைக்கப் போய் எடுத்துவிட்டாள். சாயோவுக்கு உண்மையாகவே மறந்துபோயிருந்ததா? நாற்பது வருஷமாக டிசம்பர் ஒன்றாம் தேதி இதை மாட்டியவளுக்கு? மறந்து கேட்டாளா, தெரிந்து கேட்டாளா? எதற்குச் சிரித்தாள்? போனில் வந்த சிரித்தாள் என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு என்ன கண்டுபிடிக்க முடியும், பெரிய தடம் சின்னத் தடம் என்றதும் சந்தோஷத்தில் சிரித்தாளா, அடிப்பாவி என்று சிரித்தாளா? உடம்பெல்லாம் கூசியது, நடுத்தெருவில் புடவை அவிழ்ந்துவிட்ட மாதிரி கை தானாக மாராப்புக்குப் போனது. கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் ஆள் இல்லை. இனி எந்தக் காலத்திலும் இல்லை.

பத்து நாற்பத்தெட்டு. ஏப்ரல் படம் மேஜை மேல் தயாராக இருந்தது, ஆற்றங்கரை, இரண்டு பக்கமும் செர்ரி மரம், பூவோ பூ. இதைச் சட்டத்துக்குள் வைத்து ஆணியில் மாட்டி, வெளுத்த ஆகஸ்டைப் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டால் இன்றைக்கு ஒன்றும் தெரியாது. பெட்டி கனசாவாவுக்குப் போகும், அடுத்த ஆகஸ்டில்தான் எடுப்பார், எடுத்தால் பழைய படம் நிறம் போயிற்று என்று நினைப்பார், அல்லது நினைக்க மாட்டார், அப்போது கேட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம், நாலு மாதம் இருக்கிறதே. பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் செப்டம்பரிலும் சொன்னாள். சட்டத்தைக் கையில் எடுத்தாள், வைத்தாள். மாட்டிவிட்டு அவர் பக்கத்தில் எப்படி உட்காருவது? சாயோம்மாவின் போட்டோ எதிரில் இருக்குமே. அவர் கண் கலங்குவார், நீங்கள் எழுதியது எல்லாம் அவளுக்கு எவ்வளவு ஆறுதல் தெரியுமா என்பார், இவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதனாலென்ன என்பாள், அந்தக் காட்சி கண் முன்னால் வந்ததும் சட்டத்தை மேஜை ஓரத்துக்குத் தள்ளினாள். சரி, சொல்லிவிடுவது. எப்படிச் சொல்வது? இருபது வருஷமாக மற்றவர்களுடைய மன்னிப்புகளை மொழிபெயர்த்துச் சோறு தின்றவள் இவள். பிரேக்கில் கீறல் என்று புகார் வந்தால் இங்கிருந்து ஒரு மன்னிப்பு போகும், அதற்கு எந்த அளவு குனிய வேண்டும், எந்தச் சொல் போட வேண்டும், கவனக்குறைவு என்பதா தவறு என்பதா, எல்லாம் இவளுக்கு விரல் நுனியில் இருக்கும், கூட வேலை பார்க்கிற பையன்கள்கூட தமயந்தி மேடம் மன்னிப்புக் கேட்டா ஜப்பான்காரனே அழுதுடுவான் என்று கிண்டல் செய்வார்கள். இப்போது ஒரு வாக்கியம் தொடங்கிப் பார்த்தாள், அது நேரே கம்பெனிக் கடிதம் மாதிரி வந்தது, இந்தச் சம்பவம் நிகழ்ந்தமைக்கு. இன்னொன்று தொடங்கினாள், அதில் மோட்டார் ரிப்பேர் வந்துவிட்டது. இன்னொன்றில் அழுகை வந்துவிட்டது, அழுதால் அவர் அல்லவா இவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்க வேண்டும், பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர். அழக்கூடாது. அழாமல், காரணம் சொல்லாமல், ஒரே வரியில். “அக்கா, மணி ஆச்சு, படத்த மாட்டலியா?” என்றாள் எஸ்தர், ஆணியைப் பார்த்துக்கொண்டு. சுவர் காலியாக இருந்தது, படம் இருந்த இடத்தில் மட்டும் சுண்ணாம்பு கொஞ்சம் புதிதாகத் தெரிந்தது. “மாட்டணும்,” என்றாள் தமயந்தி, எழுந்திருக்கவில்லை.

மணி அடித்தது. எஸ்தர்தான் போய்த் திறந்தாள். “வாங்க சார், உள்ள வாங்க, எப்பிடி இருக்கீங்க, எளச்சிட்டீங்களே சார்,” என்று அவள் கொட்ட, அவர், “நல்லா இருக்கேன் எஸ்தர்,” என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஷூவைக் கழற்றினார். முன்பு பிடித்துக்கொள்ள மாட்டார். தோளில் ஒரு பை மட்டும்தான், அதற்குள்தான் போட்டோ இருக்கும். நிமிர்ந்ததும் காலியான ஆணியைப் பார்த்தார், மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்த இரண்டு படங்களையும் பார்த்தார், ஒன்று பூவாகப் பூத்து, ஒன்று டீத்தண்ணியாக. தமயந்தி எழுந்து நின்றாள். வணக்கம் சொல்ல வேண்டும், துக்கம் விசாரிக்க வேண்டும், அதற்கென்று இருக்கிற சொற்களைச் சொல்ல வேண்டும். “செப்டம்பரிலிருந்து நான் இங்கே வரவே இல்லை,” என்றாள் ஜப்பானிய மொழியில், “ஒரு படத்தையும் மாற்றவில்லை. எழுதியது எல்லாம் பொய்.” குரல் நடுங்கவில்லை, அது ஒன்றுதான் மிச்சம்.

அவர் செருப்பு மாட்டுகிற முக்காலியில் உட்கார்ந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டார். “தெரியும்,” என்றார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் காட்டினார், “கீழே வாசல் கேட்டில் இந்த வீட்டுக்கு என்று யார் பெயரைப் பதிந்தாலும் எனக்கு இதில் தகவல் வரும். ஜூலை ஒன்றாம் தேதி வந்தது. ஆகஸ்ட் ஒன்றாம் தேதி வந்தது. செப்டம்பரில் தகவல் வரவில்லை, உங்கள் நிலா மட்டும் வந்தது.” “அப்படியென்றால் ஏன்,” என்று தொடங்கினாள் தமயந்தி. “முதல் தடவை கேட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அதற்குள் அவளுக்குப் படித்துவிட்டேன். அவள் படுத்திருந்த அறையில் ஜன்னல் உயரத்தில் இருந்தது தமயந்தி சான், இலை சிவந்ததையும் அவள் பார்க்கவில்லை, பனி விழுந்ததையும் பார்க்கவில்லை. இந்தச் சுவரில்தான் அவளுக்கு மாதம் பிறந்தது. நான் கேட்டால் நீங்கள் நிறுத்திவிடுவீர்கள். அதனால் கேட்கவில்லை. ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி இந்தப் போனையே பார்த்துக்கொண்டிருப்பேன், இந்தத் தடவையாவது தகவல் வருமா என்று. வராது. பிறகு உங்கள் செய்தியை எடுத்துப் படிப்பேன்.” எஸ்தர் துடைப்பத் துணியோடு நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள், என்ன சொல்கிறார் என்று கேட்க வாயெடுத்துவிட்டுக் கேட்காமல் உள்ளே போய்விட்டாள்.

“சாயோம்மாவுக்குத் தெரியுமா?” “தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்,” என்றார். “காலடித் தடத்துக்குச் சிரித்தாள். ஏன் சிரிக்கிறாய் என்று நான் கேட்கவில்லை, எனக்குப் பயமாக இருந்தது.” தமயந்தி குனிந்தாள், இடுப்பிலிருந்து, எவ்வளவு குனிய முடியுமோ அவ்வளவு, அதற்கான சொல்லைத் தொடங்கினாள், பாதியில் அவர் கை உயர்ந்தது. “வேண்டாம்,” என்றார், “நீங்கள் மன்னிப்புக் கேட்டால் நானும் கேட்க வேண்டியிருக்கும். யாரிடம் கேட்க வேண்டுமோ அவள் இங்கே இல்லை.” அவள் குனிந்தபடியே நின்றாள், நிமிர்ந்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். தலைக்கு மேலே அவர் பேசிக்கொண்டே இருந்தார், மெதுவாக, அவளுக்குச் சொல்கிற மாதிரியும் இல்லை. “அவள் ஜனவரி இருபத்தெட்டாம் தேதி போனாள். உங்களுக்கு அப்போது தெரியாது, எங்கள் மகள்தான் பின்னால் எழுதினாள். எரித்துவிட்டு வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் பிப்ரவரி ஒன்று. காலையில் உங்கள் செய்தி வந்தது, பிளம் மரம் பனியிலேயே பூத்துவிட்டது, கிளையில் ஒரு சின்னப் பறவை இன்னும் வாய் திறக்கவில்லை என்று. வீட்டில் யாரும் இல்லை, நான் மட்டும்தான். உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன்.” பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டார்.

“பொய் என்று தெரிந்துதான் படித்தேன். இரண்டு தடவை படித்தேன்,” என்றார் ஷிமோதா சான்.